பேராயர் லெஃபெவ்ரின் வாழ்க்கையைக் குழம்பாமல் படிக்க ஒரு வழி

பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பேராயர் மார்செல் லெஃபெவ்ரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம், இல்லை ஒரு வீடியோ போடலாம் என்று உட்கார்ந்து தேட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே இரண்டு வேறு வேறு மனிதர்கள் கிடைப்பார்கள். ஒருவர், திருச்சபையே தடம் மாறிப் போன காலத்தில் விசுவாசத்தைக் கட்டிக் காத்த மகான். இன்னொருவர், காலம் மாறியது பிடிக்காமல் திருத்தந்தையோடு மல்லுக்கு நின்று கடைசியில் சபை விலக்கம் வாங்கிக்கொண்ட பிடிவாதக்காரர். இரண்டு பேருமே 1905 நவம்பர் 29 அன்று பிரான்சின் வடக்கே டூர்குவான் நகரில்தான் பிறந்தார்கள், 1991 மார்ச் 25 அன்று சுவிட்சர்லாந்தின் மார்ட்டினியில்தான் இறந்தார்கள். நடுவில் உள்ள எண்பத்தைந்து ஆண்டுகளைத்தான் இரண்டு தரப்பும் தங்களுக்குத் தோதாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறது.

முதல் வேலையாக, “லத்தீன் பூசைக்காகப் பிரிந்து போனவர்” என்ற வரியை உங்கள் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். லத்தீன் பூசை இந்தக் கதையில் உண்டு, நிறையவே உண்டு, ஆனால் அது வெளியில் தெரிகிற பகுதி. உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள்: அரசுக்கும் மதத்துக்கும் என்ன உறவு இருக்க வேண்டும், மேலிடம் சொல்வதை ஓர் ஆயர் எதுவரை கேட்டாக வேண்டும். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். லெஃபெவ்ர் காட்சி கண்டவரோ கனவு கண்டவரோ இல்லை. நிர்வாகி. நியமனம், கடிதம், ஆணை, அறிக்கை என்று வாழ்நாளில் பாதியைக் கோப்புகளோடு கழித்தவர். அவரைப் பிடிக்க நல்ல வழி அந்தக் காகிதங்கள்தான்.

அதனால் ஒரு நோட்டில் மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள். முதலாவதில் தேதியோடு என்ன நடந்தது, இரண்டாவதில் ரோமை (அதாவது திருத்தந்தையும் அவருடைய நிர்வாகமும்) எந்த ஆவணத்தில் என்ன எழுதியது, மூன்றாவதில் அவரே என்ன சொன்னார். இந்த விவகாரத்தில் ஒரு வசதி உண்டு. முக்கியமான கடிதங்களையும் ஆணைகளையும் இரண்டு தரப்புமே வெளியிட்டிருக்கின்றன, வாசகத்தில் பெரிய தகராறு கிடையாது, சண்டையெல்லாம் பொருள் கொள்வதில்தான். அவருடைய பெரிய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், அவர் கையால் ஆயர் அபிஷேகம் பெற்ற நால்வரில் ஒருவரான பெர்னார் டிஸியே தெ மால்ரே. தகவல் அடர்ந்த நூல், அவர் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய காலத்தைப் பற்றி அதைத் தவிர்த்துவிட்டு எழுதவே முடியாது. ஆனால் மகன் எழுதிய அப்பாவின் வரலாறு போல அது இருக்கும் என்பதை மறக்காமல், தேதிகளை எடுத்துக்கொண்டு அடைமொழிகளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எக்கோனில் தொடங்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் 1970இல், சுவிட்சர்லாந்தில் அவர் நடத்திய எக்கோன் குருமடத்தில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். அப்போது அவருக்கு 64 வயது முடிந்திருந்தது! ஒரு மனிதன் ஓய்வு பெறும் வயதில் செய்ததை மட்டும் வைத்து அவனைப் புரிந்துகொள்ள முடியுமா?

குடும்பத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அப்பா ரெனே நெசவாலை வைத்திருந்தவர், எட்டுப் பிள்ளைகள், அதில் ஐந்து பேர் துறவிகளாகவோ குருக்களாகவோ போனார்கள். அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். முடியாட்சி ஆதரவாளரான அவர் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்காக உளவு வேலை பார்த்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1944இல் சோனன்பர்க் முகாமில் இறந்தார். மகனோ பின்னாளில் ஜெர்மனியோடு ஒத்துப்போன மார்ஷல் பெத்தானைப் புகழ்ந்து பேசியவர். இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் அது பிரச்சாரம்.

அடுத்து நிற்க வேண்டிய இடம் ரோமையின் பிரெஞ்சுக் குருமடம். 1923இல் அங்கே சேர்ந்தார். அதிபர் ஆன்றி லெ ஃப்ளோக், தாராளவாதம் என்றாலே எரிந்து விழுகிற மனிதர். சத்தியத்துக்கு உள்ள உரிமை தவற்றுக்குக் கிடையாது, அரசும் கிறிஸ்துவை அரசராக ஏற்க வேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தந்தையரின் போதனையை மாணவர்களுக்கு ஊட்டியவர். ‘ஆக்சியோன் ஃபிரான்சேஸ்’ என்ற முடியாட்சி இயக்கத்தைப் பதினொன்றாம் பயஸ் 1926இல் கண்டித்தபோது, அந்த இயக்கத்தின்மேல் சாய்வு உள்ளவர் என்று சொல்லி லெ ஃப்ளோக்கை 1927இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். தன் ஆசிரியருக்கு நடந்ததை லெஃபெவ்ர் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் அவர் பேசியதெல்லாம் ஏறக்குறைய இந்த வகுப்பறையில் கேட்டதுதான், புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்.

1929இல் லீல் நகரில் ஆயர் லியனாரின் கையால் குருப்பட்டம். 1932இல் தூய ஆவி சபையில் சேர்ந்து காபோனுக்குப் போனார், அண்ணன் ஏற்கெனவே அங்கே மறைபரப்பாளர். லீபர்வில் குருமடத்தில் பாடம் நடத்தியது, லம்பரேனே போன்ற மறைத்தளங்களை நடத்தியது என்று 1945 வரை அங்கேயேதான். 1947இல் செனகலில் உள்ள டாக்கரின் தலைமைப் பொறுப்பு, அதே லியனார் கையால் ஆயர் அபிஷேகம். 1948இல் பன்னிரண்டாம் பயஸ் அவரைப் பிரெஞ்சு ஆப்பிரிக்கா முழுவதற்கும் தன் பிரதிநிதியாக்கினார். 1955இல் டாக்கர் உயர்மறைமாவட்டமானபோது முதல் பேராயர்.

இந்தப் பிரதிநிதி வேலை என்ன என்பதை வாசகருக்கு விளக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். எங்கே புது மறைமாவட்டம் தேவை என்று பார்ப்பது, யாரை ஆயராக்கலாம் என்று விசாரித்து ரோமைக்குப் பெயர் அனுப்புவது, ரோமையின் பதில் வந்த பிறகு காரியத்தை நடத்திவைப்பது. அதாவது, திருத்தந்தையின் ஆணை இல்லாமல் ஒருவரை ஆயராக்கக் கூடாது என்ற விதி மற்ற ஆயர்களுக்குப் புத்தகத்தில் இருக்கும் விதி, இவருக்குப் பதினோரு வருடம் அன்றாடம் பார்த்த வேலை. 1988இல் அந்த ஆணை இல்லாமலே அவர் ஆயர்களை ஏற்படுத்தியதைத் தெரியாமல் செய்தார், உணர்ச்சிவசப்பட்டுச் செய்தார் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

ஆப்பிரிக்காவில் அவர் விட்டுப்போனதையும் தேடுங்கள். அவர் கையால் 1949இல் குருவான இயசிந்த் தியாந்தூம்தான் 1962இல் அவருக்குப் பின் டாக்கர் பேராயரானார், பிறகு கர்தினால். பிளவு வந்த பிறகும் தன் பழைய ஆயருக்கும் ரோமைக்கும் நடுவே சமாதானம் பேச முயன்றவர் இவர். “வெள்ளைக்கார மேட்டிமைக்காரர்” என்று ஒரே சொல்லில் லெஃபெவ்ரை முடித்துவைக்க நினைப்பவர்களுக்கு இந்த உறவு இடைஞ்சல்தான். அதே சமயம் 1989இல் பிரான்சில் முஸ்லிம்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக அங்கே ஒரு நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. புனிதராகப் பார்ப்பவர்களுக்கு அது இடைஞ்சல். எழுதுகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

பொதுச்சங்கம்: எந்த இடத்தில் முறிந்தது

1962இல் லெஃபெவ்ர் தூய ஆவி சபையின் உலகத் தலைவரானார். உலக ஆயர்கள் எல்லோரும் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைத் தயாரித்த மத்தியக் குழுவிலும் இருந்தார். சங்கம் தொடங்கியதும் அந்தத் தயாரிப்பு வரைவுகளில் பெரும்பாலானவை ஓரங்கட்டப்பட்டன. அதற்கு முன்னின்று குரல் கொடுத்தவர்களில் ஒருவர், இவருக்குக் குருப்பட்டமும் ஆயர் அபிஷேகமும் கொடுத்த அதே கர்தினால் லியனார். நாடகத்தில் எழுதினால் மிகை என்பார்கள்.

சரி, லத்தீன்? 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டுச் சாசனம் 2147 வாக்குகளோடு நிறைவேறியது, எதிர்த்தவர்கள் நான்கு பேர். லெஃபெவ்ர் அதில் கையெழுத்திட்டவர். அந்தச் சாசனமே லத்தீன் காக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தாய்மொழிக்கு இடம் தருகிறது. ஆகவே “சங்கம் லத்தீனைத் தடைசெய்தது, லெஃபெவ்ர் எதிர்த்தார்” என்ற வரியை எங்கே பார்த்தாலும், எழுதியவர் சாசனத்தைப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். புதிய பூசைப் புத்தகம் வந்தது 1969இல், சங்கம் முடிந்து நான்கு வருடம் கழித்து. அதன்மேல் அவருக்கு இருந்த கோபம் உண்மை. அது பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் சங்கத்துக்குள் அணி திரட்டிப் போராடியது சமய உரிமை பற்றிய பிரகடனத்துக்கு எதிராக. பிரேசில் ஆயர்களான சிகாவுட், காஸ்ட்ரோ மேயர் ஆகியோரோடு சேர்ந்து பழமைவாத ஆயர்களின் குழு ஒன்றை நடத்தினார். நமக்கு இந்த இடம் கொஞ்சம் சிரமம். அவரவர் மனச்சாட்சிப்படி மதத்தைப் பின்பற்றலாம் என்பதை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, இதில் எதிர்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். சிறுபான்மையாக வாழும் கத்தோலிக்கருக்கு இன்னும் கூடுதலாக. அவர் தரப்பு வாதம் இதுதான்: முன்னிருந்த திருத்தந்தையர் கண்டித்ததை இப்போது ஒரு சங்கம் உரிமை என்று அறிவித்தால், ஒன்று அவர்கள் தவறியிருக்க வேண்டும் அல்லது இவர்கள் தவற வேண்டும். வாதத்தை ஏற்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் அதை அவர் சொன்ன பலத்தோடு எழுதிவிட்டு மறுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இருபத்தைந்து வருடம் அவர் ஏன் அசையவில்லை என்பது வாசகருக்குப் புரியவே புரியாது.

காகிதத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1965 டிசம்பர் 7. அன்றைய இறுதி வாக்கெடுப்பில் சமய உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவு 2308, எதிர்ப்பு 70. லெஃபெவ்ர் எதிர்த்தவர்களில் ஒருவர். பின்னாளில், அந்தப் பிரகடனத்திலும் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய சாசனத்திலும் தான் கையெழுத்தே போடவில்லை என்று சொல்லிவந்தார், அவருடைய ஆட்களும் அதையே சொன்னார்கள். சங்கத்தின் அதிகாரபூர்வப் பதிவில் அவர் பெயர் இருக்கிறது. அன்று நான்கு ஆவணங்கள் ஒன்றாக வெளியானதால், பல ஆவணங்களின் தலைப்புகளைக் கொண்ட ஒரே தாளில் ஆயர்கள் கையெழுத்திட்டார்கள். அவருடைய கையெழுத்து அதில் உண்டு என்பதை டிஸியே தெ மால்ரேயே தன் நூலில் ஒத்துக்கொள்கிறார். எதிர்த்து வாக்களித்த ஓர் ஆயர், திருத்தந்தை வெளியிட்ட பிறகு கீழ்ப்படிந்து கையெழுத்துப் போடுவது அன்று வழக்கமான காரியம்தான். இங்கே “பொய்யர்” என்று கத்துகிற வீடியோக்களும் உண்டு, “போலி ஆவணம்” என்று கத்துகிறவையும் உண்டு. நீங்கள் கத்த வேண்டாம். வாக்கு, கையெழுத்து, பின்னாள் நினைவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிவிட்டு விடுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

சட்டச் சொற்களைக் கலக்காதீர்கள்

இதற்குமேல் போவதற்கு முன் சில சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் வருகிற பதிவுகளில் பாதி இங்கேதான் சறுக்குகின்றன.

பணித்தடை என்றால் ஒரு குருவோ ஆயரோ அருளடையாளங்களை நிறைவேற்றக் கூடாது என்று நிறுத்திவைப்பது. அவர் திருச்சபைக்கு வெளியே போய்விடவில்லை. சபை விலக்கம் அதைவிடக் கடுமை, ஆனால் அதுவும் திருத்தும் நோக்கம் கொண்ட தண்டனை, நீக்கப்படக்கூடியது. பிளவு என்பது திருத்தந்தையின் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட மறுப்பது, இது குற்றத்தின் பெயர், தண்டனையின் பெயர் அல்ல. தப்பறை என்பது விசுவாசக் கோட்பாட்டையே மறுப்பது. ரோமை அவரைத் தப்பறைக்காரர் என்று தண்டித்ததில்லை. அப்புறம், “செல்லாது” என்பதும் “முறைகேடு” என்பதும் வேறு. ஆயர் அபிஷேகம் பெற்ற ஒருவர் தடையை மீறி இன்னொருவரை ஆயராக்கினால் அது முறைகேடு, ஆனால் ஆனவர் உண்மையில் ஆயர்தான். இந்த ஒன்று பிடிபட்டால்தான் 1988இல் ரோமை ஏன் அவ்வளவு பதறியது என்பது விளங்கும்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு வதந்தி: லியனார் ஃபிரீமேசன் (திருச்சபை தடைசெய்த ஒரு ரகசியச் சங்கத்தின் உறுப்பினர்), அதனால் லெஃபெவ்ரின் பட்டமே செல்லாது என்று. இதைக் கிளப்பியவர்கள் முற்போக்காளர்கள் அல்ல, லெஃபெவ்ரைவிடத் தீவிரமான பழமைவாதிகள். 1947 அபிஷேகத்தில் லியனாரோடு வேறு இரண்டு ஆயர்களும் கை வைத்தார்கள் என்பதோடு அந்த வாதம் படுத்துவிடும். நேரம் செலவழிக்காதீர்கள்.

1968 முதல் 1976 வரையுள்ள காலத்தை வேகமாகச் சொல்லலாம். சபையை நவீனப்படுத்துவதில் ஒத்துப்போகாமல் தூய ஆவி சபைத் தலைமையிலிருந்து விலகினார். பழைய முறையில் படிக்க ஆசைப்பட்ட குருமாணவர்கள் சிலர் தேடி வந்தார்கள். 1969 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகரில் ஒன்பது பேரோடு ஆரம்பம். 1970 நவம்பர் 1 அன்று ஃபிரிபூர் ஆயர் ஷாரியேர் ஆறு வருடச் சோதனை அடிப்படையில் புனித பத்தாம் பயஸ் குருக்கள் சபைக்கு முறையான அனுமதி தந்தார். ஆமாம், அனுமதியோடு பிறந்த சபைதான். பிளவு சபையாகப் பிறக்கவில்லை. 1974 நவம்பரில் ரோமையிலிருந்து இரண்டு பெல்ஜியக்காரர்கள் எக்கோனைப் பார்வையிட வந்தார்கள், அவர்கள் பேசிய சில கருத்துகளால் கொதித்துப்போய் நவம்பர் 21 அன்று நித்திய ரோமையை ஏற்கிறோம், நவீனத்துக்குப் போன ரோமையை மறுக்கிறோம் என்ற பொருளில் ஓர் அறிக்கை எழுதினார். 1975 மே 6 அன்று ஃபிரிபூரின் அடுத்த ஆயர் மாமி அனுமதியைத் திரும்பப் பெற்றார். அப்படித் திரும்பப் பெற அவருக்கு அதிகாரம் உண்டா என்று அந்தச் சபை இன்றுவரை வாதாடுகிறது. ஆறாம் பவுல் தானே கடிதம் எழுதி அந்த முடிவைத் தாங்கிப் பிடித்தார் என்பது ரோமையின் பதில்.

1976 ஜூன் 29 அன்று தடையை மீறிப் பதின்மூன்று பேருக்குக் குருப்பட்டம், ஜூலை 22 அன்று முழுப் பணித்தடை. ஆகஸ்டு 29 அன்று லீலில், பொருட்காட்சி நடக்கும் ஒரு பெரிய கூடத்தில், ஆயிரக்கணக்கானோர் முன் பழைய பூசை. அன்றைய மறையுரையில் அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியை ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவரை நேசிப்பவர்கள் இந்த வரியை வெட்டிவிடுவார்கள், வெறுப்பவர்கள் அதை மட்டும் போடுவார்கள். இரண்டு வாரம்கூட ஆகாமல் செப்டம்பர் 11 அன்று ஆறாம் பவுல் அவரைக் காஸ்டல் கண்டோல்ஃபோவில் சந்தித்தார். உடன்பாடு இல்லை.

1988 மே 5 முதல் ஜூன் 30 வரை: நாள் நாளாக எழுதுங்கள்

மொத்த வாழ்க்கையில் அவசரப்படாமல் எழுத வேண்டிய இடம் இது. ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி வைத்தாலும் தப்பில்லை.

பின்னணி: அவருக்கு 82 வயது. அவர் இறந்துபோனால் எக்கோனில் படிப்பவர்களுக்குப் பட்டம் கொடுக்க ஆயர் இல்லை, சபை ஒரு தலைமுறையில் அணைந்துவிடும். 1986 அசிசி நகரில் பல மதத் தலைவர்களோடு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஜெபத்துக்குக் கூடியது அவரைப் பொறுத்தவரை கடைசி அடி. 1987 ஜூன் 29 அன்று, தனக்குப் பின் ஆயர்களை ஏற்படுத்தப்போவதாக அறிவித்தார். ரோமை பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்தது, பேசியவர் பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர்.

மே 5 அன்று இருவரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். சபைக்கு முறையான அந்தஸ்து, பழைய வழிபாட்டு நூல்களுக்கு அனுமதி, ரோமையில் ஒரு குழு, சபையிலிருந்தே ஓர் ஆயர். அவர் பக்கத்திலிருந்து, திருத்தந்தைக்கு விசுவாசம், புதிய பூசை செல்லும் என்ற ஏற்பு. வாசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. அன்று இரவு ரோமைக்கு அருகே அல்பானோவில் தன் சபை இல்லத்தில் தங்கியிருந்தார். மறுநாள் மே 6, ராட்சிங்கருக்கு ஒரு கடிதம்: ஜூன் 30 அன்று ஆயர் அபிஷேகம் நடந்தாக வேண்டும், பதில் வராவிட்டால் தானே நடத்துவேன்.

ஒரே இரவில் என்ன நடந்தது என்று சதிக் கதைகள் உண்டு. அவற்றை விடுங்கள், கடிதங்களே போதும். உடன்படிக்கையில் ஆயர் என்று இருந்தது, தேதி இல்லை, பெயர் இல்லை. பதினோரு வருடம் நியமனக் கோப்புகளைக் கையாண்ட மனிதருக்குத் தேதியில்லாத வாக்குறுதி என்றால் என்னவென்று தெரியாதா? ரோமை பிறகு ஆகஸ்டு 15 என்று தேதியும் சொன்னது. அதற்குள் அவர் ஓர் ஆயர் போதாது, குழுவில் தன் ஆட்கள் பெரும்பான்மையாக வேண்டும் என்று போய்விட்டார். ஜூன் 2 அன்று திருத்தந்தைக்கே எழுதி, ஒத்துழைப்புக்கு நேரம் இன்னும் வரவில்லை என்று கதவைச் சாத்தினார். என் கணிப்பில் நம்பிக்கை முறிந்தது தேதி விஷயத்தில்தான், கோட்பாடு அதற்குப் பின்னால் வந்து நின்றது. நீங்கள் கடிதங்களைப் படித்துவிட்டு வேறு மாதிரி முடிவுக்கு வரலாம், தடையில்லை.

ஜூன் 17 அன்று, ரோமையில் ஆயர்கள் தொடர்பான காரியங்களைக் கவனித்த கர்தினால் பெர்னார்டின் காந்தினிடமிருந்து சட்டப்படியான எச்சரிக்கை. ஜூன் 29 அன்று ராட்சிங்கரிடமிருந்து கடைசித் தந்தி. ஜூன் 30 காலையில் எக்கோனில் சடங்கு தொடங்கியது. பழைய ரோமைச் சடங்குமுறையில், தொடக்கத்தில் ஒரு கேள்வி வரும்: “உங்களிடம் திருத்தூது ஆணை இருக்கிறதா?” “இருக்கிறது.” “வாசிக்கப்படட்டும்.” அப்போது ரோமையிலிருந்து வந்த ஆணையை வாசிக்க வேண்டும். அன்றும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், அந்தப் பதிலைச் சொன்னார்கள், ஒரு தாளையும் வாசித்தார்கள். அது திருத்தந்தையின் ஆணை அல்ல, அவர்களே எழுதியது: திருத்தூதர்களிடமிருந்து பெற்ற மரபுக்கு எப்போதும் விசுவாசமாக இருக்கும் ரோமைத் திருச்சபையிடமிருந்து இந்த ஆணை தங்களுக்கு உண்டு என்ற வாதம். சடங்கில் ஒரு வரிகூட விடுபடக் கூடாது என்பதற்காக, இல்லாத ஆணையின் இடத்தில் ஒரு காரணத்தை வைத்து வாசித்தார்கள். அவரைப் பற்றி ஒரே ஒரு காட்சி மட்டும் எழுத இடம் இருந்தால் இதை எழுதுங்கள்.

ஆயரானவர்கள் நால்வர்: டிஸியே தெ மால்ரே, ரிச்சர்ட் வில்லியம்சன், அல்ஃபோன்சோ தெ கலரெட்டா, பெர்னார் ஃபெல்லே. உடன் கை வைத்தவர் பிரேசிலின் அதே காஸ்ட்ரோ மேயர். மறுநாள் சபை விலக்க ஆணை வந்தது, ஜூலை 2 அன்று திருத்தந்தையின் கடிதம், அதில் இது “பிளவுத் தன்மை கொண்ட செயல்” என்று குறிப்பிடப்பட்டது. ஆணையில் கையெழுத்திட்ட காந்தின் பெனின் நாட்டுக்காரர், லெஃபெவ்ர் பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் திருத்தந்தையின் பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1956இல், துணை ஆயராக நியமிக்கப்பட்டவர்.

இந்தத் தண்டனையின் வரலாற்றையும் ஒரு வரி சேருங்கள். ஆணையில்லாமல் ஆயரை ஏற்படுத்தினால் தானாகவே சபை விலக்கம் என்ற கடுமை 1951இல், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், சீனாவில் ரோமையைத் தவிர்த்து ஆயர்கள் வந்துவிடுவார்களோ என்ற கவலையில் வந்தது. அதற்கு முன் பணித்தடைதான். லெஃபெவ்ர் சட்டத்தை மறுக்கவில்லை, அவசர நிலையில் அது கட்டுப்படுத்தாது என்று சட்டத்திலிருந்தே விதிவிலக்கைத் தேடினார். ரோமை, அப்படி ஓர் அவசர நிலை இல்லை என்றது.

மற்றவர்களோடு ஒப்பிடும்போது

பிரிந்துபோன எல்லோரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஸ்பெயினின் பால்மார் தெ திரோயாவில் கிளெமென்தே தொமிங்கெஸ், காட்சி கண்டதாகச் சொல்லி, 1978இல் தன்னைத்தானே திருத்தந்தையாக அறிவித்துக்கொண்டவர். சாம்பியாவின் பேராயர் மிலிங்கோ 2001இல் கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய மத இயக்கத்தின் திருமண விழாவில் மணம் செய்து, 2006இல் மணமானவர்களை ஆயர்களாக்கியவர். லெஃபெவ்ர் ரோமில் இருப்பவர்தான் திருத்தந்தை என்பதைக் கடைசிவரை விடவில்லை. அந்தச் சபையின் பூசையில் திருத்தந்தையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். 1983இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் அவருடைய போக்கு மென்மையாகிவிட்டது என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள். இடப்பக்கம் மட்டும்தான் அவருக்கு எதிரிகள் என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

இறந்த பிறகு நடந்ததை எழுதும்போது ஒரு பொறி: 2009 ஜனவரியில் 16ஆம் பெனடிக்ட் “லெஃபெவ்ரின் சபை விலக்கத்தை நீக்கினார்” என்று எங்கும் போட்டிருப்பார்கள். அந்த ஆணையில் இருப்பது உயிரோடிருந்த நான்கு ஆயர்களின் பெயர்கள் மட்டும். நால்வரில் ஒருவரான வில்லியம்சன் யூத இனப்படுகொலையை மறுத்துக் கொடுத்த பேட்டி அதே நாட்களில் ஒளிபரப்பாகிப் பெரிய அசிங்கமானது, 2012இல் அந்தச் சபையே அவரை வெளியேற்றியது. சபை விலக்கம் நீங்கினாலும் சபைக்குச் சட்ட அங்கீகாரம் வந்துவிடவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், அந்தக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று வழிசெய்தார், 2017இல் திருமணங்களுக்கும் ஒரு வழி திறந்தார். 1988 ஜூலையிலேயே லெஃபெவ்ரை விட்டுவிட்டு ரோமையோடு சேர்ந்து புது சபை தொடங்கிய குருக்களும் உண்டு, காஸ்ட்ரோ மேயரின் ஆட்கள் 2002இல் திரும்பிவிட்டார்கள். “லெஃபெவ்ர் ஆட்கள்” என்று பொதுவாக எழுதாமல் யாரைச் சொல்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்தபடியே இதைப் பார்க்க விரும்பினால் பாளையங்கோட்டையில் அந்தச் சபைக்கு ஓர் இல்லமும், சகோதரிகள் நடத்தும் ஓர் அனாதை இல்லமும் உண்டு. போனால் விவாதத்துக்குப் போகாதீர்கள், பூசை முழுவதையும் இருந்து பாருங்கள். ஃபோனை வெளியே எடுக்க வேண்டாம், குழந்தைகளைப் படம் பிடிக்கவே வேண்டாம். பூசை முடிந்த பின் பெரியவர்களிடம், ஏன் இங்கே வருகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். 1965 வாக்கெடுப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அமைதி, மண்டியிட்டு நற்கருணை வாங்குவது, அம்மா சொல்லிக்கொடுத்த பழைய ஜெபம் என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். தலைவரின் காரணமும் தொண்டரின் காரணமும் வேறாக இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கட்டுரையில் தனியாக ஒரு பத்திக்குத் தகும்.

இதே முறையில் அடுத்து ஒருவரைப் படிக்க ஆசைப்பட்டால், கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. கோவாவின் அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரஸ் என்ற கத்தோலிக்கக் குரு, போர்ச்சுகல் அரசின் பாதுகாவல் உரிமை (கிழக்கே ஆயர்களை முன்மொழியும் உரிமை) பற்றிய 1886 ஒப்பந்தத்தால் கோவாவும் இலங்கையும் கொந்தளித்த காலத்தில் ரோமையிலிருந்து பிரிந்து, 1889இல் கோட்டயத்தில் சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள் கையால் ஆயரானார். 1892இல் கொழும்பில் ரெனே விலாத் என்பவரை அமெரிக்காவுக்காகப் பேராயராக்கினார், இன்று உலகெங்கும் சுயேச்சைக் கத்தோலிக்கச் சபைகள் பல தங்கள் ஆயர் வரிசையை அந்தக் கொழும்புச் சடங்கில் போய் முடிச்சுப் போடுகின்றன. 1923இல் கோவாவின் ரிபந்தர் மருத்துவமனையில் இறந்தார். தேடும்போது ‘அல்வாரஸ்’ என்றும் ‘மார் யூலியுஸ்’ என்றும் இரண்டு பெயரிலும் தேடுங்கள். முதல் பெயரில் பணஜியில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உழைத்த குரு கிடைப்பார், இரண்டாவது பெயரில் ரோமையோடு முறித்துக்கொண்ட ஆயர் கிடைப்பார். அங்கேயும் ஆள் ஒருவர்தான்.